ஆளில்லாத வீட்டுக் குப்பை

1

நான் பினாங்குக்கு வந்து, போன கிழமையோடு மூன்று வருடம். அதைக் கொண்டாடிய இடம் குடிநுழைவு அலுவலகம். பிளாஸ்டிக் கதிரையில் காலை முழுக்கக் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் எழும்பி ஓடினேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த நரைத்த தலை அதிகாரி கடவுச்சீட்டில் என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மாசிஹ் டி சினி?"

இன்னும் இங்கேதானா என்று அர்த்தம். சாதாரணமாகத்தான் கேட்டார். "இருக்கிறேன்" என்பதற்கு மலாயில் "அடா" என்றால் போதும். ஆனால் தகப்பன் வயது மனிதரின் முகத்துக்கு நேரே "அடா" என்று சொல்ல யாழ்ப்பாணத்து நாக்கு எழும்ப மாட்டேன் என்கிறது. தலையை ஆட்டினேன். டக்கென்று முத்திரை விழுந்தது. இன்னொரு வருடம் நான் இங்கே இருக்கிறேன். மனைவி என்ற வகையில், வேலை செய்ய அனுமதி இல்லாமல்.

ஓர் அதிகாரியிடம் அந்தச் சொல்லை நான் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். அது என்னைப் பற்றியல்ல. அதோடு, அது பொய். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த அடுக்குமாடி என்று கேட்காதீர்கள். இது குப்பையைப் பற்றிய கட்டுரை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படிக்கவும்.

2

எங்கள் வாடகை வீடு உயரமான மாடியொன்றில், நீண்ட நடைபாதையின் நடுவில் இருக்கிறது. எல்லாக் கதவுக்கும் முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. நடைபாதை முடிகிற இடத்தில் சுவரில் ஒரு சதுர வாய், அதற்கு ஒரு தகர மூடி. குப்பைக் குழாய். அதற்குள் போடுவது அத்தனை மாடிகளையும் தாண்டி நிலத்துக்குப் போகும். வந்த புதிதில் நான் அதன் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். போத்தல் போகும்போது முதலில் கிணுகிணுவென்று சிரிக்கும், பிறகு உடையும். கனமான பொருள் போனால் எங்கள் வீட்டுச் சுவர் இருமும். சிலவேளை போட்ட பொருளிலிருந்து சத்தமே வராது. அது எங்கே தங்கிவிட்டது என்று யாருக்கும் தெரியாது.

என் கணவர் இங்கேயே பிறந்தவர். தினமும் ஃபெர்ரி ஏறி அக்கரையில் மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு எழுத்தர் வேலைக்குப் போகிறார். "போட்டது போட்டதுதான் லா. குப்பை நல்லபடியா போயி சேர்ந்துச்சான்னு யாராச்சும் வழியனுப்பி வப்பாங்களா?" என்று சிரிப்பார்.

நான் வழியனுப்பி வைக்கிறவள். ஏன் என்று உங்களுக்கு விளங்கும். போரில் மின்சாரமும் சவர்க்காரமும் இல்லாமல், ஜாம் போத்தலில் விளக்கெரித்து, பனம்பழத்தில் துணி தோய்த்து, ஒருவன் சைக்கிள் டைனமோவை மிதிக்க மற்றவர்கள் வானொலியைச் சுற்றிக் குந்தியிருந்து செய்தி கேட்ட இடத்திலிருந்து வந்திருக்கிறேன். வெறும் போத்தலை எறிகிற கையைக் கண்டால் எனக்குக் காய்ச்சல் வரும். இங்கே புதிதாக ஒரு குளிரூட்டிய பல்பொருள் அங்காடி திறந்திருக்கிறார்கள். கத்தரிக்காய்க்குக்கூட ஒரு பிளாஸ்டிக் சட்டை போட்டுத்தான் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டை குழாய்க்குள் போகிறது. பிறகு? அந்தப் 'பிறகு'வைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எறிந்துவிட்டோம் என்கிறோம், உண்மையில் நம் கண்ணுக்குப் படாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தாவரவியல் பட்டம் பெற்றவளை வேலைக்குப் போகாதே என்று வீட்டுக்குள் இருத்தினால் என்ன ஆகும்? எங்கள் மாடிக்கு ஒரு திட்டம் வந்தது. லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் மாமா என்பார்கள். அவரிடம் வெறும் மாவுச் சாக்குகளைக் கெஞ்சி வாங்கி, வெட்டி, கதவுக்கு ஒரு பையாகத் தைத்தேன். சனிக்கிழமை காலையில் பழைய பத்திரிகை, போத்தல், தகரப்பேணி எல்லாம் அந்தப் பையில் போட்டுக் கம்பிக் கதவில் தொங்க வேண்டும். பத்திரிகை மாமாவின் கடைக்குப் போகும். அதில் அவர் பருப்பும் மல்லியும் சுற்றித் தருவார். மிச்சம், "பேப்பர் லாமா!" என்று கூவிக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் வரும் பழைய சாமான்காரருக்கு.

முதலில் பை வாங்கியவர் செல்லம்மா அக்கா. எங்கள் மாடியிலேயே இருக்கும், ஐம்பது தாண்டிய விதவை. காலையில் அடுக்குமாடிக்குக் கீழே ஸ்டூல் போட்டு இடியாப்பம் விற்பார். வாழையிலையில்தான் கட்டிக் கொடுப்பார்.

"குடு தங்கச்சி. எங்கிட்ட குப்பைன்னு என்னாத்த இருக்கப்போவுது? ஒத்தக் கட்ட."

அது உண்மை. கழுவிய பால்பேணி ஒன்று, மடித்த தமிழ்ப் பத்திரிகை, காய்ந்த சிரட்டை. முட்டைகூடத் தொடமாட்டார், தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டவர். ஒரே குழந்தை, பிறந்து சில மாதத்தில் போய்விட்டது. பிறகு பல வருடம் கழித்துக் கணவரும். வீடு இன்னும் கணவர் பெயரில்தான் இருந்தது. பெயர் மாற்றம் எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஆபீஸ்ல நடந்துகிட்டே இருக்கு. அதுக்குக் கால் வலிக்கவே மாட்டேங்குது" என்பார்.

3

போன வருடம் மாமியாருக்குக் கண் அறுவை. உதவிக்கு ஈப்போ போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். வந்த நேரம் சீனர்களின் ஏழாம் மாதம், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் மாதம். நடைபாதை முழுக்க ஊதுபத்திப் புகை. பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி கீழே போய்க் காகிதத்தில் செய்த வீடு, காகிதத் தொலைக்காட்சி, காகிதக் கட்டில் எல்லாம் எரித்துவிட்டு வந்தார்.

"இங்க எரிஞ்சா அங்க போயி சேரும்," என்று பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், சொன்னார்.

"இதுவும் என் திட்டம் மாதிரித்தான் ஆன்ட்டி. பழைய பொருள் இன்னொரு இடத்தில் பயன்படுது."

"நீ வாய மூடு," என்றார். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பைகளை இறக்கினேன். செல்லம்மா அக்காவின் பை வழக்கத்தைவிடக் கனம். எங்கள் வீட்டு வாசலில் கொட்டிப் பிரித்தேன். மேலே ஒரு சார்டின் மீன் பேணி. முட்டை தொடாதவர் வீட்டில் மீனா? அதற்குக் கீழே ஒரு சீனப் பத்திரிகை, நேர்த்தியாக மடித்து. அடியில் ஒரு குழந்தைப் பால்மாப் பேணி. கழுவியிருந்தது. உள்ளே அளவுக் கரண்டி கிடந்தது. அதில் இன்னும் தண்ணீர் ஈரம்.

அதைக் கையில் பிடித்தபடியே எழும்பினேன்.

லிம் ஆன்ட்டியிடம் போய், செல்லம்மா அக்காவைக் காணோமே என்றேன். "இப்பதான் பார்த்தேன். கீழ போறாங்க." எதிர்ப்பக்கம் மூன்றாவது வீட்டில் இருக்கும் மலாய் அத்தை ரொக்கியா மக்சிக், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்பத்தானே மேல வந்தாங்க?" என்றார். இரண்டும் ஒரே நேரத்தில். நான் கீழே ஓடிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்த இடத்தில் ஒரு பூனை படுத்திருந்தது.

திங்கட்கிழமை அவர் வீட்டு மூங்கில் கழியில் மண்ணிறச் சேலை, சொட்டச் சொட்டத் தொங்கியது. பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிந்தது. மத்தியானம் வானொலியில் தமிழ்ப் பாட்டு. "செல்லம்மா அக்கா!" என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த திங்களும் அதே சேலை. வேறு சேலை இல்லை, ரவிக்கை இல்லை, துவாய் இல்லை. விளக்கு, பாட்டு, சேலை எல்லாம் இருந்தன, வாசம் மட்டும் இல்லை. அந்தக் கதவைக் கடந்தால் எப்போதும் அரிசிமா அவிகிற வாசம் வரும். இப்போது பூட்டிய அலுமாரி மணத்தது.

இரவுச் சாப்பாட்டில் என் கணவரிடம் கொட்டினேன்.

"ஏழாம் மாசத்துல ஆள் இல்லாத வீட்டுக் கதவத் தட்டாதேன்னு சீனவங்க சொல்லுவாங்க," என்றார்.

"ஆள் இல்லாத வீடெண்டு ஆர் சொன்னது?"

அவர் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானார். சொதியில் மீனே இல்லை.

4

மூன்றாவது திங்கட்கிழமை முற்பகல். நடைபாதையில் நீர்த்துளிகள், செல்லம்மா அக்காவின் வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்தன. உள்ளே குழாய்த் தண்ணீர் சத்தம். பிறகு அதுவும் நின்றது. கண்ணாடிச் சன்னல் பலகைகள் சற்றுத் திறந்திருந்தன. குனிந்து பார்த்தேன்.

அறையின் அரையிருட்டில் மண்ணிறச் சேலை நடந்து போனது. தோள் உயரத்தில் இருந்தது. மேலே தலை இல்லை.

நான் போட்ட சத்தம் குப்பைக் குழாய் வழியாகக் கீழ்மாடி வரைக்கும் போனதாம்.

"யா அல்லா! கத்தாதே, கத்தாதே!" சேலை நிலத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் ரொக்கியா மக்சிக் நின்றார். ஈரச் சேலையை இரண்டு கைகளிலும் உயரத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போயிருக்கிறார். ஓடிவந்து கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்தார். என் வாயில் வைத்த அவர் கை சவர்க்காரம் மணத்தது.

மூச்சு வாங்கிய பிறகு மலாயில் சொன்னார். நான் ஈப்போவில் இருந்தபோது மின்தூக்கி பழுதாகி, செல்லம்மா அக்கா மாவுச் சட்டியோடு படியில் இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் கிடந்து, இப்போது கூலிம் பட்டணத்தில் தங்கை வீட்டில். நடக்க மாதங்கள் ஆகும். வீடு கணவர் பெயரில். வாரிசு வேலை முடியவில்லை. ஆள் இல்லை என்று தெரிந்தால், இந்த வீடுகளைக் கொடுக்கும் அரசாங்க வீட்டு அலுவலகம் பூட்டைப் போட்டு, காத்திருக்கிற வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். அவர் திரும்பி வருவதற்கு இடமே இருக்காது.

"சரி, அதுக்குக் குப்பை எதுக்கு?"

ரொக்கியா மக்சிக் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "முந்தியெல்லாம் பூட்டின கதவ யாரு கவனிச்சா? இப்ப சனிக்கிழமை உன் பை தொங்குது. கீழ நிக்கிற காவல்காரர் மேல வந்து, எந்த வீட்டுப் பை ஒட்டிப்போய்க் கிடக்குன்னு பார்த்துட்டுப் போறாரு."

நாங்கள் வீசுவதை வைத்துத்தான் நாங்கள் உயிரோடிருப்பதை அறிந்துகொள்கிறார்கள். அதை அறியும் வழியை மாவுச் சாக்கில் தைத்துக் கொடுத்தவள் நான்.

லிம் ஆன்ட்டியும் வந்துவிட்டார். சீனப் பத்திரிகை அவருடையது. பால்மாப் பேணி ரொக்கியா மக்சிக்கின் பேத்தி குடித்தது. "ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று நான் குதித்தேன். லிம் ஆன்ட்டி பொறுமையாக விளக்கினார். "நீ நல்ல பொண்ணு. நல்லா பேசுற. எல்லார்கிட்டயும் பேசுற. ஆபீசுக்குப் போயும் பேசுற. அதான்."

என் கணவருக்கும் தெரிந்திருக்கிறது. "நான் கேட்டேனே!" என்றேன். "கேட்டே. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் லா."

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? சார்டின் பேணியையும் சீனப் பத்திரிகையையும் விலக்கினேன். "குப்பையில பிழை இருக்கக் கூடாது," என்று இருவருக்கும் வகுப்பெடுத்தேன். ஒரு பால்பேணி, மடித்த தமிழ்ப் பத்திரிகை, காய்ந்த சிரட்டை. காலையில் அந்த அடுப்பிலேயே மா அவித்து வாசம் வரவைத்தேன். வேறு சேலை எடுத்துக் கழியில் போட்டேன். காலடித் துடைப்பானைக் கொஞ்சம் கோணலாக்கி வைத்தேன், யாரோ இப்போதுதான் மிதித்தமாதிரி. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அந்த வீட்டுக்குள் ஒருத்தியைச் செய்துகொண்டிருந்தோம். நல்ல முன்னேற்றம். ஒருநாள் தலையணையில் தலை வைத்த குழி இருந்தது. அது நல்ல யோசனை என்று இருவரையும் பாராட்டினேன். லிம் ஆன்ட்டி, ரொக்கியா மக்சிக்தான் செய்திருப்பார் என்றார். ரொக்கியா மக்சிக், லிம் ஆன்ட்டி என்றார்.

5

வீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். மாடிகளின் துப்புரவைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்; ஆனால் காவல்காரர் அவர் காதோடு பேசிக்கொண்டு வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பைக்காரி என்று என்னைத்தான் வழிகாட்டக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த வருடத்து முத்திரை விழ இன்னும் சில நாள்தான் இருந்தது. அரசாங்க ஆளிடம் பொய் சொல்லி அகப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப்பார்க்கிற வசதி எனக்கு இல்லை. மறுத்தால், ஏன் மறுக்கிறாள் என்று முதலில் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள்.

வீடு வீடாக வந்தோம். செல்லம்மா அக்காவின் கதவில் பை நிறைந்து தொங்கியது. உள்ளே வானொலி பாடியது. காலையில் ரொக்கியா மக்சிக் போட்டுவிட்டு வந்த பாட்டு. அவர் தன் வாசலில் பேத்தியோடு நின்றார், சாவி இடுப்பில். லிம் ஆன்ட்டி ஊதுபத்திச் சாம்பலைக் கூட்டுகிறவர்போல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினார்.

அதிகாரி பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கம்பிக் கதவைத் தட்டினார்.

வானொலி நின்றது.

பாட்டின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில். நடைபாதையில் துடைப்பச் சத்தமும் நின்றது. ரொக்கியா மக்சிக் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, ஆள் இருக்கிறாரா என்றார்.

"அடா," என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "குளிக்கப் போறா போல."

அவர் கதவோடு காதை வைத்துக் கேட்டார். எதைக் கேட்டாரோ, சற்றுக் கூச்சத்தோடு பின்வாங்கி, "தொந்தரவு செய்ய வேண்டாம்," என்று அடுத்த கதவுக்கு நடந்தார்.

அவர்கள் போனதும் திறந்து பார்த்தோம். ஒருவருமில்லை. மேசையில் வானொலி இருந்தது. "பேட்டரி," என்றார் லிம் ஆன்ட்டி. "பேட்டரிதான்," என்றோம் நாங்கள் இருவரும், தேவைக்கு மேல் சத்தமாக. ரொக்கியா மக்சிக் அதைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். விட்ட இடத்திலிருந்து இல்லாமல், வேறு பாட்டு, மெதுவாகத் தொடங்கியது.

எங்கள் ஊரில் செய்தி நடுவில் நின்றால் யாரும் பேட்டரியை நினைக்கமாட்டோம். டைனமோ மிதிக்கிறவன், வாசல் படலையில் யார் என்று பார்க்க இறங்கிவிட்டான் என்று அர்த்தம்.

6

தீபாவளி கழிந்து செல்லம்மா அக்கா திரும்பி வந்தார். பெயர் மாற்றம் ஒருவழியாக முடிந்து வீடு அவர் பெயருக்கே வந்துவிட்டது. அன்றைக்கு மின்தூக்கியும் வேலை செய்தது. ஊன்றுகோலோடு தனியாக உள்ளே போனார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். பாராட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"யாரு இங்க தங்கியிருந்தது?"

"ஒருத்தரும் தங்கேல்லை அக்கா. நாங்கள் மூண்டு பேரும் வந்து வந்து போனம், அவ்வளவுதான்."

"நீங்க வந்தது தெரியும் தங்கச்சி. ஒன்னோட கோண மிதியடி, ரொக்கியாவோட சவுக்காரம், எல்லாம் தெரியுது. நான் அதக் கேக்கல." குரலைத் தாழ்த்தினார். "நல்லவதான் போல. வீட்டச் சுத்தமா வச்சிருக்கா."

"போகச் சொல்லிடுங்க," என்றார் லிம் ஆன்ட்டி உடனே. இதற்கெல்லாம் அவருக்கு முறை தெரியும்.

"போகச் சொன்னா எங்க போவா? எனக்காக இந்த வீட்டப் புடிச்சு வச்சிருந்தவ. அவளுக்கு மட்டும் வேற வீடு இருக்கா?"

அதன்பின் அந்த வீட்டுப் பையில் சனிக்கிழமைதோறும் பால்பேணிகள் இரண்டு. இரண்டும் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில். நான் எடுத்துப் போகிறேன். இந்த மாடியில் நான் காரணம் கேட்காத ஒரே குப்பை அது.

7

போன கிழமை, முத்திரை குத்திய அன்று பின்னேரம் என் சித்தப்பா மகன் வந்தான். கொழும்பு வழியாக ஆஸ்திரேலியா போகிற வழியில் இங்கே இரண்டு நாள் தங்கல். இடியாப்பத்தைக் கண்டதும் பாய்ந்தான். சாப்பாட்டுக்கு நடுவில் சிரிக்கத் தொடங்கினான்.

"அக்கா, இவ்வளவு காலமும் நீங்கள் அங்கதான் இருந்தனீங்கள், தெரியுமோ?"

"என்னடா அலட்டுறாய்?"

"பங்கீட்டுக் கூப்பனிலை. உங்கடை பேருக்கு மண்ணெண்ணெயும் சீனியும் வந்துகொண்டுதானே இருந்தது. நீங்கள் செடி புடுங்கப் போகேக்கை போடுவியளே, நீலத்திலை ஒரு நீளக்கைச் சட்டை, பெரியம்மா அதைத் தோய்ச்சுத் தோய்ச்சுக் கொடியிலை போட்டுவிடுவா. கூப்பன் குடுக்கிற விதானையார் வந்து, ஆள் இருக்கோ எண்டு கேட்டால், 'இப்பதான் கிணத்தடிக்குப் போறாள்' எண்டுவா."

என் கணவர் மேசையில் அடித்துச் சிரித்தார். "அப்ப இவ கண்டுபிடிச்ச வித்தை இல்ல லா இது! மாமியோடது!" நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிறகு? இப்பவும் வருதோ?"

"இல்லை, இந்த வருசம் பேரை வெட்டிப்போட்டினம். சட்டை இன்னும் கொடியிலைதான்."

"ஏன்? இனி ஆருக்குக் காட்ட?"

"எனக்கெண்டால் தெரியாது. நான் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் பெரியம்மா அதுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தா. ரெண்டு முழங்கையும் தேஞ்சு போச்சாம்."

"தோய்ச்சுத் தோய்ச்சுத் தேஞ்சிருக்கும்," என்றார் என் கணவர். அவனும் ஆமென்று தலையாட்டிவிட்டுச் சம்பலை இழுத்துக்கொண்டான். இருவரும் வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

நான் தண்ணீர் எடுக்க எழும்பினேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். படிக்கும்போது இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டுதான் படிப்பேன். சட்டை தேயுது, சட்டை தேயுது என்று அம்மா ஏசிக்கொண்டே இருப்பா.